கறுத்துப்போன வெங்காரம்

“பொடி சரியில்லை வாத்தியாரே.”

செல்லத்தாய் சாக்கை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு துண்டாய் ஓர் இரும்புக் குழாய். அவள் புருஷன் பேச்சிமுத்து கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியின் நடுக்குழாய் அது.

தாவூது வாத்தியார் பித்தளைக் கம்பியை உருக்கி சைக்கிள் பிரேம்களைப் பற்றவைக்கிறவர். உருகிய பித்தளை இரும்பில் ஒட்டிப் பிடிக்க, முதலில் வெங்காரப் பொடியைப் போட்டுச் சூடாக்க வேண்டும். கேட்டு வருகிறவர்களுக்குக் கற்றும் கொடுப்பார். செல்லத்தாய் கற்றுக்கொண்டதே இந்த வண்டிக்காகத்தான்.

“எந்தப் பொடி?”

“முதல்ல நீங்க சொன்ன வெங்காரம். பிடிக்கல. அப்புறம் ஆசாரி வச்சிருக்கிற பொடி. அதுவும் பிடிக்கல. கடைசியா டவுன்ல டப்பாவுல விக்கிற பசை. பித்தளை முத்து முத்தா உருண்டு கீழ விழுது. இரும்புல ஒட்டவே மாட்டேங்குது.”

“சூட்டுல பொடி கண்ணாடி மாதிரித் தெளிஞ்சதா?”

“கறுத்துப்போச்சு.”

“அப்ப என்ன செஞ்ச?”

“இன்னும் அள்ளிப் போட்டேன்.”

வாத்தியார் குழாயைத் திருப்பிப் பார்த்தார். முனை இரண்டிலும் கரிய பொருக்கு தடிப்பாக அப்பியிருந்தது.

“துருவையும் பெயின்டையும் எடுக்காமலேயா வச்ச?”

“அவசரம் வாத்தியாரே. வண்டி இல்லாம அவரு வேலைக்குப் போக முடியல. சுவரைப் பாத்துப் படுத்துக் கிடக்காரு. பேச்சே இல்ல.”

லாரி ஓட்டிய மனிதர் பேச்சிமுத்து. விபத்தில் இரண்டு கால்களும் போயின. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் வேலையைச் செல்லத்தாய்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள். காலையில் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, வண்டியில் தூக்கி வைத்து, தெருமுனை வரை தள்ளிவிட்டு வருவாள்.

“கூட லாரி ஓட்டினவங்க எல்லாரும் அவர்கிட்டதான் செருப்பு விடுவாங்க. அவ்வளவு மதிப்பு.”

வாத்தியார் பொருக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“வேற நல்ல பொடியாக் குடுங்க.”

“பொடி அழுக்கைத் தின்னும் தாயி. ஆனா கொஞ்சந்தான் தின்னும். வயிறு நிறைஞ்சா கறுத்துப்போகும். அதுக்கப்புறம் எதைப் போட்டாலும் வீண்.”

கொதிக்கிற வெந்நீரை வாளியில் ஊற்றினார். குழாய்முனைகளை அதில் முக்கினார். பொருக்கு ஊறியதும் குழாயை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“தேய்.”

அவள் அரத்தை எடுத்தாள். அவர் அதை வாங்கி வைத்துவிட்டு, கம்பி பிரஷைக் கொடுத்தார்.

தேய்த்தாள். கறுப்பு இளகி வந்தது. துரு வந்தது. பெயின்ட் செதில் செதிலாய் உதிர்ந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. இரும்பு வெளுத்தது.

அவள் கை நின்றது.

குழாயின் மேல்பாதி பிய்ந்திருந்தது, கிழிந்த தகரம்போல. கீழ்ப்பாதி அப்படி இல்லை. மழமழவென்று, ஒரே நேராக இருந்தது. அதில் மெல்லிய கோடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடின.

“வாத்தியாரே, இது...”

“ரம்பம்.”

“பாரம் தாங்காமத்தானே முறிஞ்சது?”

“பாதிதான் முறிஞ்சது.”

வீட்டில் ரம்பம் ஒன்றுதான். இருப்பது இரண்டே பேர்.

வண்டி முறிவதற்கு முந்தின சாயங்காலம் அவள் ரேஷன் கடையிலிருந்து திரும்பியபோது, பேச்சிமுத்து வண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்படி இறங்கினார் என்று அவள் கேட்கவில்லை. மடியெல்லாம் இரும்புத்தூள். துரு என்று நினைத்து, “அழுக்குல போயி உட்கார்ந்திருக்கீரே” என்று திட்டிக்கொண்டே தட்டிவிட்டது அவள் கைதான்.

மறுநாள் காலையிலும் குளிப்பாட்டினாள். சட்டை மாட்டினாள். தூக்கி வைத்துத் தள்ளினாள். தெருமுனையில் குழாய் முறிந்து, அவர் மண்ணில் விழுந்தார். முகத்தில் ரத்தம். ஆனாலும் அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அடிபட்ட அசதி என்று நினைத்திருந்தாள்.

செல்லத்தாய் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாத்தியார் குழாயை வாங்கித் துடைத்தார். இரு முனைகளையும் இடைவெளி இல்லாமல் பொருத்தி, செங்கல்களுக்கு நடுவே வைத்தார். வெங்காரத்தைத் தண்ணீரில் குழைத்து இணைப்பைச் சுற்றித் தடவினார். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். பொடி பொங்கியது, அடங்கியது, கண்ணாடிபோலத் தெளிந்தது. இணைப்பு செக்கச்சிவந்தது.

பித்தளைக் கம்பியைக் கையில் எடுத்தார். குழாயில் வைக்கவில்லை.

“இப்பப் பிடிக்கும். ஒட்டட்டுமா தாயி?”

“அந்த வேலைக்குப் போக இஷ்டமான்னு அவர்கிட்ட நான் கேக்கவே இல்லையே வாத்தியாரே.”