பத்தாவது கேள்வி

"சின்சே, இன்னைக்கு எனக்கு ஒரு மருந்து கட்டிக் கொடுங்க" என்றார் சந்தனசாமி.

காலையில் கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சீன வைத்தியரை மலேசியாவின் ஈப்போவில் தமிழரும் சின்சே என்றுதான் கூப்பிடுவார்கள். லியோங் சின்சே என்ற இந்தப் பெண்மணிக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருடைய சீடர் சந்தனசாமிக்கு அறுபத்தொன்று. பதினெட்டு வருஷம் இதே கடைக்கு மூலிகைப் பெட்டிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கிய மனிதர். ஒரு நாள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இதுக்குள்ள என்னதான் இருக்கு, எனக்கும் சொல்லிக் கொடுங்க என்று கேட்டார். சின்சேயும் உட்காருங்க என்று சொல்லிவிட்டார்.

சின்சேயின் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தமிழ்ப் பிள்ளைகளோடு சண்டை போட்டே வளர்ந்ததால் சின்சேக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"உங்களுக்கு என்னண்ணே?"

"தூக்கம் இல்ல."

"எத்தனை நாளா?"

"மூனு வருஷமா."

சின்சே தராசைக் கீழே வைத்தார்.

"மூனு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் தூக்கத்துக்கு மருந்து கட்டினீங்களே. உங்களுக்குக் கட்டிக்கத் தோணலையா?"

"கட்டிக் குடிச்சேன். கேக்கல. வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

சின்சே சிறிய மெத்தையை மேசையில் வைத்தார். சந்தனசாமி அதன்மேல் கையை நீட்டினார். மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார் சின்சே. நாக்கைப் பார்த்தார். பிறகு கேள்விகளைத் தொடங்கினார்.

அந்த வைத்தியத்தில் நோயாளியிடம் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். குளிரா சூடா, வியர்வை உண்டா, தலைவலியா, வயிறு எப்படி என்று வரிசையாகப் போகும். தாகமா என்பது எட்டாவது. பழைய வியாதி ஏதும் உண்டா என்பது ஒன்பதாவது. சந்தனசாமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒன்பதாவது முடிந்ததும் சின்சே கையை எடுத்துக்கொண்டார்.

"அவ்வளவுதான். மருந்து கட்டிடுறேன்."

"பத்தாவது கேக்கலையே சின்சே?"

"நீங்க அன்னைக்குக் கேட்டீங்களா?"

சந்தனசாமியின் முகம் வெளுத்துப்போனது.

கோவிட் காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது யாரையும் தொட முடியாது. முகத்தைப் பார்க்க முடியாது, நாடி பார்க்க முடியாது. போனில் கேள்வி கேட்டு, பொட்டலம் கட்டி, இரும்புக் கதவின் இடுக்கு வழியாகக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு அறுபது போன் வரும். பாதிப் பேருக்குத் தூக்கமில்லை, மீதிப் பேருக்கு நெஞ்சு படபடப்பு. சீனம் பேசுகிறவர்களைச் சின்சே பார்த்துக்கொண்டார். தமிழும் மலாயும் சந்தனசாமியின் பங்கு. அந்த நெரிசலில் அவர் ஒன்பது கேள்வியோடு நிறுத்திக்கொள்ளப் பழகியிருந்தார். பத்தாவது கேள்வி, எதனால் இப்படி ஆனது என்பது. அதைக் கேட்டால் ஆட்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். ஊரே முடங்கிக் கிடக்கிறது, இதில் எதனால் என்று வேறு கேட்க வேண்டுமா என்று நினைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"இந்திராணி அம்மா" என்றார் சந்தனசாமி. "பத்து நாளாத் தூங்கலன்னு போன் பண்ணாங்க. ஒன்பதும் கேட்டேன். இலந்தைக் கொட்டை இடிச்சுக் கட்டி அனுப்பினேன். வெந்நீர்ல காலை வைக்கச் சொன்னேன். மணிக்கட்டுல அமுக்குற இடத்தைச் சொல்லிக் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"போனைச் சத்தம் இல்லாம ஆக்கி, சமையலறையில வச்சிட்டுப் படுங்கன்னேன்."

சின்சே நிமிர்ந்து பார்த்தார்.

"மறுநாள் மத்தியானம் கூப்பிட்டாங்க. மருந்து நல்லா வேலை செஞ்சுது, ஏழு மணி நேரம் தூங்கிட்டேன்னாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம் சின்சே. அப்புறந்தான் சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்திருக்காரு. அன்னைக்கு ராத்திரி மூச்சுக்குக் குழாய் வைக்கிறதுக்கு முன்னாடி மூனு தடவை கூப்பிட்டிருக்காரு. அதுக்கப்புறம் அவரு கண்ணே திறக்கல."

சந்தனசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்களுக்குத் தூக்கம் வராம இல்ல. அந்தப் போனுக்காக முழிச்சிருந்தாங்க. அதை நான் வியாதின்னு நெனச்சுக் குணப்படுத்திட்டேன். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. நன்றின்னு சொல்லிட்டு வச்சாங்க."

"எனக்குத் தெரியும்ணே."

"உங்களுக்கா? நான் யார்கிட்டயும் சொல்லலையே!"

"கடையைத் திரும்பத் திறந்த வாரமே அவங்க வந்தாங்க. அதுல இருந்து மாசம் தவறாம வர்றாங்க. அவங்களுக்கும் தூக்கம் இல்ல. போனைக் கையில வச்சிக்கிட்டுத்தான் படுக்குறாங்க, சத்தத்தைக் கூட்டி வச்சு. இனி யார் கூப்பிடப் போறாங்க? இருந்தாலும் வைக்க முடியல."

"நான் ஒரு நாளும் பார்க்கலையே சின்சே."

"செவ்வாய்க்கிழமை வருவாங்க."

செவ்வாய்க்கிழமை சந்தனசாமிக்கு விடுமுறை. மூன்று வருஷத்துக்கு முன், வயசாச்சு, வாரத்துல ஒரு நாள் ஓய்வெடுங்க என்று சின்சே சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது. லாரியில் மூட்டை தூக்கிய உடம்பு இது என்று வீட்டில் போய் முணுமுணுத்தார்.

"அவங்கதான் கேட்டாங்க" என்றார் சின்சே. "அவர் இல்லாத நாளாச் சொல்லுங்க, என்னைப் பார்த்தா அந்த மனுஷன் நொந்துபோவாருன்னு."

சந்தனசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் போகிற லாரி ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. பார்த்துக்காம இருந்தா ரெண்டு பேரும் மெதுவா மறந்துடுவீங்க, தூங்கிடுவீங்கன்னு நெனச்சேன். மூனு வருஷமா ரெண்டு பக்கமும் மருந்துதான் போவுது. தப்புப் பண்ணிட்டேண்ணே. உங்களைவிடப் பெரிய தப்பு. உங்களுக்காவது அறுபது போன் இருந்துச்சு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

சின்சே எழுந்து இழுப்பறையைத் திறந்தார். இலந்தைக் கொட்டையை எடுத்து உரலில் போட்டு இடித்தார். தராசில் நிறுத்தார். தாளில் மடித்துக் கட்டி நூல் சுற்றினார். சந்தனசாமி கையை நீட்டினார். சின்சே கொடுக்கவில்லை. பொட்டலத்தின்மேல் இந்திராணி என்று எழுதி மேசையில் வைத்தார்.

"எனக்கு?"

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, அவங்க வர்ற நாள். கடைக்கு வாங்க. இதை நீங்க குடுங்க."

"அவங்க முன்னாடி நின்னு நான் என்னத்தைச் சொல்றது?"

"சொல்லச் சொல்லல. கேளுங்க. ஒரு கேள்வி விட்டுப்போச்சே."

"இப்பக் கேட்டு என்ன சின்சே ஆகப்போவுது? போன மனுஷன் திரும்பியா வரப்போறாரு?"

"வரமாட்டாருண்ணே" என்றார் சின்சே. "ஆனா பதிலை இன்னும் அந்த அம்மாதான் வச்சிக்கிட்டு முழிச்சிருக்காங்க."