ரெண்டோட நிறுத்து

காட்டோரம் ஒரு கள்ளிப் புதர் இருந்தது. அதற்குள் செம்பி என்ற கௌதாரி குடியிருந்தாள். சுற்றிலும் முள், இரைக்கு உள்ளேயே கறையான் புற்று. கீரி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. செம்பி பருவத்துக்கு இரண்டு முட்டைதான் இட்டாள். குஞ்சுகளுக்குப் பறக்கவும் கூவவும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தாள். இரண்டை ஆளாக்கவே பருவம் முழுக்கப் போய்விடும்.

எதிரே பொட்டல்வெளி. அங்கே வரிச்சி என்ற கௌதாரி எட்டு முட்டை இடுவாள். பாதி கீரிக்குப் போகும். மிஞ்சியதில் ஒரு குஞ்சு காவல் நிற்கும், மற்றவை தாயோடு இரை தேடும்.

ஒருநாள் வரிச்சி குஞ்சுகளோடு புதர் வாசலுக்கு வந்தாள். "அக்கா, உள்ள ஒரு ஓரமா இடம் கொடுங்க. கீரித் தொல்லை தாங்கல."

செம்பி எட்டிப் பார்த்தாள். புதருக்குள் இருப்பவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இத்தனை பெத்தா யாரு இடம் தருவா? அதனாலதான் நீ கஷ்டப்படுற. முதல்ல என்னை மாதிரி ரெண்டோட நிறுத்து. அப்புறம் வா, பார்க்கலாம்."

வரிச்சிக்கு அவமானமாக இருந்தது. வசதியாக இருப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த பருவத்தில் இரண்டே முட்டை இட்டாள்.

"என் பேச்சைக் கேட்டுத் திருந்திட்டா பாரு!" என்று செம்பி அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

முட்டைகள் பொரிந்தன. ஒரு குஞ்சைக் கீரி தூக்கிப் போனது. மூத்த குஞ்சுகள் வளர்ந்து பிரிந்துவிட்டதால் காவலுக்கு ஆளில்லை. மற்றதைத் தனியே விட்டுத்தான் வரிச்சி இரை தேடப் போனாள். திரும்பி வந்தபோது இறகுகள்தான் கிடந்தன.

வரிச்சி மறுபடி புதர் வாசலுக்கு வந்தாள். இந்த முறை பின்னால் யாருமில்லை.

"நீங்க சொன்னபடியே நிறுத்திட்டேன் அக்கா. இப்ப இடம் இருக்கா?"

செம்பி வெட்கத்தோடு நகர்ந்து வழிவிட்டாள்.

முள்ளுக்குள் வந்தும் வரிச்சிக்குப் பழைய பயம் போகவில்லை. எட்டு முட்டை இட்டாள். எட்டும் பிழைத்தன. அத்தனைக்கும் இரை தேடிக் கொடுத்து அவள் இளைத்துப்போனாள். அடுத்த பருவத்தில் மூன்றுதான் இட்டாள், அதற்கடுத்து இரண்டு. குறைக்கச் சொல்லி யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை, செம்பி உட்பட.

அடுத்தவர் வீட்டில் பிள்ளைகள் அதிகம் என்று குறை சொல்லும் முன், பிறந்த பிள்ளை பிழைக்க அங்கே வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.