ஏழு விநாடி மௌனம்

டிக்... டிக் டிக்... டிக்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் அறையில் ஆய்வுக்காகப் பதிவு செய்த பேச்சுக்கு நடுவே கேட்ட ஒலி. பேனாவின் தலையை யாரோ அமுக்கி அமுக்கி விடும் ஒலி. சொர்ணலதா போகிற இடமெல்லாம் அதைக் காதில் சுமந்துகொண்டு போனாள்.

"அலுத்துப்போச்சு மேடம்," என்றாள்.

கருத்தரங்கு நடக்கும் கல்லூரியின் வராந்தா. பேச்சை ஆராய்கிறவர்கள் கூடி இரண்டு நாள் பேசுகிற கருத்தரங்கு. உள்ளே மூன்றாவது வாழ்த்துரை ஓடிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு நிமிஷம்னாங்க. இப்ப எட்டு நிமிஷமாம். பொன்னாடை போத்துறதுலயே மத்தியானம் ஆயிடும் போல. அஞ்சு வருஷத்தை எட்டு நிமிஷத்துல எப்படிச் சொல்றது?"

ஜுலைகா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் சொர்ணலதாவின் ஆய்வு நெறியாளர்; சொர்ணலதாவைவிட ஏழு வயது இளையவள். நாலு பேர் முன்னால் சொர்ணலதா அவளை மேடம் என்பாள். யாரும் இல்லாதபோது அவள் சொர்ணலதாவை அக்கா என்பாள்.

"இதான் கடைசி, மேடம். இந்தக் கட்டுரையும் முடிஞ்சா மாசக் கடைசியில ஆய்வேட்டைக் கொடுத்துடலாம். இனிமே ஒரு நாள்கூடத் தள்ளித் தரமாட்டாங்க. அதுவும் போச்சுன்னா, சாகிற வரைக்கும் கௌரவ விரிவுரையாளர்தான்."

"எட்டு நிமிஷம்தான்னா, எதை வச்சுக்குவீங்க?"

சொர்ணலதா யோசிக்கவே இல்லை. "அந்த ஏழு விநாடியை."

"போடுங்க. கேக்கலாம்."

ஒரு காதில் ஜுலைகா, ஒரு காதில் சொர்ணலதா. ஆளுக்கொரு முனையாக இயர்போனை மாட்டிக்கொண்டார்கள்.

டாக்டரின் குரல்: "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

அதற்கப்புறம் ஏழு விநாடி யாரும் பேசவில்லை. மின்விசிறியின் முனகல். டிக்... டிக் டிக்... டிக்.

பிறகு ஒரு பெண்ணின் குரல்: "ஒண்ணுமில்லீங்க."

அவள்தான் பதினான்காம் எண் நோயாளி. தலைவலி என்று வந்தவள். ஆய்வேட்டில் நாற்பது பக்கம் அவளுக்கு. டாக்டரின் கையிலிருந்த பேனா எப்படி ஒருத்தியின் வாயை அடைத்தது என்பதுதான் அந்த நாற்பது பக்கமும்.

"இன்னொரு தடவை," என்றாள் ஜுலைகா.

போட்டாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை பாதியிலேயே ஜுலைகா இயர்போனைக் கழற்றினாள். சொர்ணலதாவின் வலது கையைப் பிடித்தாள். அதிலிருந்த பேனாவை மெதுவாக உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மேடம், என் பேனா!"

"மேடையில எதுக்கு? போங்க, கூப்பிடறாங்க."

முன்வரிசையில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள். அமர்வுத் தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சொர்ணலதா முன்னுரையை விட்டாள். மேற்கோள்களை விட்டாள். பதிவைப் போட்டாள்.

பெரிய ஒலிபெருக்கியில் அந்த அறை திறந்துகொண்டது.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

டிக்.

பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வலது கை மேசைமேல் கிடந்தது. கட்டைவிரல் தானாக மடங்கியது. நிமிர்ந்தது.

டிக் டிக்.

விரல் இருமுறை மடங்கியது.

சொர்ணலதா தன் விரலைப் பார்த்தாள். அப்போதுதான் டாக்டரின் கை ஞாபகம் வந்தது. அவர் மூடி போட்ட மைப்பேனாவால் எழுதுகிறவர். மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே எழுதுவார். நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக் காத்திருந்தார்.

அந்தப் பெண் டாக்டரைப் பார்க்கவில்லை. மூலையில் ஸ்டூல் போட்டு, மடியில் நோட்டும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

டிக்.

"ஒண்ணுமில்லீங்க," என்றது ஒலிபெருக்கி.

"ரெண்டு நிமிஷம் இருக்கு, மேடம்," என்றார் தலைவர். "முடிவுக்கு வந்துடுங்க."

"அந்தப் பேனா என்னுது," என்றாள் சொர்ணலதா.

யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்போ நீங்க சொல்ல வந்த கருத்து?"

"இல்லைங்க."

"இல்லைன்னா?"

"இல்லை."

வந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கொடுத்ததுபோல் அவளுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். சிறப்பாக ஆய்வுரை வழங்கினார் என்று போன வாரமே அச்சடித்திருந்தது.

வராந்தாவில் ஜுலைகா நின்றிருந்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"இன்னிக்குத்தான்க்கா. ஒரு காதுல டிக்னு கேட்டுச்சு. மத்த காதுல, பக்கத்துல இருந்தும் கேட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருந்தா அவமானப்படாம வந்திருப்பேன்ல?"

ஜுலைகா கைப்பையைத் திறந்து பேனாவை நீட்டினாள். சொர்ணலதா வாங்கவில்லை.

உள்ளே அடுத்தவருக்குக் கைதட்டினார்கள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்திருப்பா?"

"என்கிட்டயா கேக்கறீங்க, அக்கா?"

மாதக் கடைசியில் சொர்ணலதா பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி அந்த மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். தேதியும் டோக்கன் எண்ணும் அவளிடம் இருந்தன.

"அஞ்சு வருஷத்து நோட்டா?" என்றாள் நர்ஸ், மூக்கைப் பொத்திக்கொண்டு அலமாரியைத் திறந்தபடி. "ஒரே தூசி. இப்ப எதுக்கும்மா இது?"

"ஒண்ணு கேக்காம விட்டுட்டேன் சிஸ்டர்."

இரண்டு பேருமாகத் தேடி எடுத்தார்கள்.

பதினான்காம் எண். பெயர் மாரிக்கண்ணு. வயது முப்பத்தொன்று. தலைவலி. அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி எழுதியிருந்தது.

நர்ஸ் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் புரட்டினாள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைகளையும் புரட்டினாள்.

மாரிக்கண்ணு மறுபடி வரவேயில்லை.