மூன்றாம் கூப்பாடு

ஒரு நாட்டிலே வாத்து மேய்க்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்களாம். அண்ணன் பெயர் இருளாண்டி, தம்பி பெயர் சங்கிலி. இருளாண்டி தன் தம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கே என்றால், ராஜாவின் நியாயசபை வெளிவாசலிலே. "அண்ணே, குஞ்சுங்களுக்கு இன்னும் தண்ணி காட்டலை, மறந்துராதே" என்று சொல்லிக்கொண்டே போனானாம் தம்பி. இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள், இவன் குஞ்சுக்குத் தண்ணி காட்டச் சொல்கிறான். எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று அவனுக்கு அப்போதும் தெரியவில்லை.

அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

அறுத்த வயலிலே வாத்தை விட்டால் சிந்தின நெல்லைப் பொறுக்கும், நத்தையைத் தின்னும். இந்த வயல் முடிந்தால் அடுத்த வயல், இந்த ஊர் முடிந்தால் அடுத்த ஊர் என்று போகிற பிழைப்பு. படுக்கை வெட்டவெளியில்தான். அதனாலே அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லமாட்டார்கள், இரண்டாம் கூப்பாட்டுக்கும் சொல்லமாட்டார்கள், மூன்றாவதாகக் கூப்பிட்டால்தான் வாயைத் திறப்பார்கள். பேய் இரண்டு தடவைதான் கூப்பிடுமாம், மனுஷன்தான் மூன்றாவது தடவையும் கூப்பிடுவானாம். முந்திக்கொண்டு "ஏன்" என்று கேட்டவனைப் பேய் கையோடு கூட்டிப் போய்விடுமாம். வாத்துக்காரர், உப்பளத்துக்காரர், கரிமூட்டம் போடுகிறவர் என்று வெளியிலே படுக்கிற சனம் எல்லாருக்கும் அந்த நாட்டிலே இதே பழக்கம்தான்.

அந்த வருஷம் அரண்மனைக் களஞ்சியத்திலே நெல் குறைந்துபோனது. எடுத்தவன் வேறு யாருமில்லை, களஞ்சியக்காரனே. ராஜா கேட்டபோது அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மகாராஜா, பக்கத்து வயல்லே ரெண்டு வாத்துக்காரப் பயலுக கிடக்கானுக. ராத்திரியோட ராத்திரியா வாத்தைக் களஞ்சியத்துக்குள்ளே விட்டு மேய்ச்சுட்டானுக" என்றான். ராஜாவும் "அப்படியா, பிடித்து வா" என்றுவிட்டார். இரண்டு பேரையும் பிடித்து வந்து நியாயசபை வெளிவாசலிலே நிறுத்தினார்கள்.

அந்தச் சபையிலே ஒரு சட்டம் இருந்தது. வசதி உள்ளவன் ஒரு வழக்காடியை வைத்துக்கொள்வான். வழக்காடி உள்ளே ராஜா எதிரிலேயே நின்று, பேர் வந்ததும் "இருக்கிறோம்" என்பார். வழக்காடி இல்லாதவன் வெளிவாசலிலே வெயிலில் நிற்க வேண்டியதுதான். கட்டியக்காரன் உள்ளேயிருந்து மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவான். அதற்குள் பதில் வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். இந்தச் சட்டத்தை வெளியில் நிற்கிறவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? யாரும் சொல்லவில்லை.

கட்டியக்காரன் பேர் வீரபாகு. அவன் களஞ்சியக்காரனுடைய அக்காள் புருஷன். "மச்சான், நீ நிம்மதியா சாப்பிடு, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்து நின்றான். வெளியிலே படுக்கிற சனத்தின் பழக்கம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"சங்கிலீ!" என்று வாசலைப் பார்த்து மண்டபம் அதிரக் கூப்பிட்டான். தம்பி வாயைத் திறந்தான். அண்ணன் அவன் கையைப் பிடித்து, "பொறுடா, புது இடம்" என்றான்.

"சங்கிலீ!" என்று இரண்டாவது கூப்பாடும் வந்தது. "அண்ணே, மனுஷக் குரலாத்தானே இருக்கு?" என்றான் தம்பி. "மூணாவது வரட்டும்டா, ஆத்தா சொன்னது மறந்துபோச்சா?" என்றான் அண்ணன்.

மூன்றாவது கூப்பாட்டை வீரபாகு தூணைப் பார்த்துத் திரும்பி, வெற்றிலை மெல்லுகிற மாதிரி வாய்க்குள்ளேயே மென்று முழுங்கிவிட்டான். பிறகு ராஜா பக்கம் திரும்பி, "ஆள் வரவில்லை மகாராஜா, குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்றான். ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார்.

வரவில்லை என்று சொன்னார்களே, அவனைப் பிடிக்க ஈட்டிக்காரர்கள் எங்கே வந்தார்கள் தெரியுமா? நேரே அந்த வாசலுக்குத்தான் வந்தார்கள். நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துக் கழுமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். "ஒரே நாளிலே ரெண்டு கழு ஆகாது, அண்ணன்காரன் நாளைக்கு" என்று ஒருவன் மட்டும் பின்தங்கி இருளாண்டியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

இருளாண்டி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தம்பி கையைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலே உப்புக்காரி ராக்கு என்று ஒருத்தி, தன் வழக்குக்காக அப்போதுதான் வந்து சேர்ந்தவள், கேட்டாள்:

"ஏன்யா, ரெண்டு தடவை கூப்பிட்டும் ஊமை மாதிரி நின்னீங்களே, ஏன்?"

"பேயா இருந்தா?"

"இங்கே இருக்கிற பேய் வேற மாதிரிய்யா. வெளியிலே பதில் சொல்றவனைப் பிடிக்கும், இங்கே பதில் சொல்லாதவனைப் பிடிக்கும்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா, தாயீ?"

"தூரத்திலே வர்றப்பவே ரெண்டு கூப்பாடும் கேட்டுச்சு, நான் வந்து சேர்றதுக்குள்ளே முடிஞ்சுபோச்சு. எனக்கு மட்டும் எவன் சொன்னான்? என் புருஷனைக் கொடுத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

பிறகு அவள் எழுந்து, வாசலிலே நின்ற ஆள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். கரிமூட்டக்காரனிடம் சொன்னாள், மீன்காரியிடம் சொன்னாள், கண் தெரியாத கயிறு திரிக்கிறவனிடமும் சொன்னாள். "எவன் பேர் வந்தாலும் எல்லாரும் பதில் சொல்லுவோம்" என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சபை கூடியது. "இருளாண்டீ!" என்று கூப்பாடு வந்தது. இருளாண்டி வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. தொட்டில் பழக்கம் தொண்டையை அடைத்துக்கொண்டது, தம்பி துக்கமும் அதன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. "இருளாண்டீ!" என்று இரண்டாவதும் வந்தது. நாக்கு அசையவில்லை. ராக்கு அவன் தோளை நறுக்கென்று கிள்ளி, "வந்துட்டாருய்யா!" என்று கத்தினாள். கரிமூட்டக்காரன் கத்தினான், மீன்காரி கத்தினாள், வாசலே சேர்ந்து "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று கத்தியது.

"கண்டவர்கள் பதில் சொல்லக் கூடாது" என்றான் வீரபாகு.

"கண்டவர்கள் சத்தம் எனக்கே கேட்டுவிட்டதே. உள்ளே விடு" என்றார் ராஜா.

இருளாண்டி உள்ளே போய் நின்றான். "நெல்லைத் தின்னது உன் வாத்துதானா?" என்று ராஜா கேட்டார்.

"மகாராஜா, உங்க களஞ்சியத்துக் கதவு எங்கே இருக்கு?"

"வெள்ளம் வந்தால் நனையாமல் இருக்க மூன்று ஆள் உயரத்திலே இருக்கிறது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும்."

"வாத்து ஏணி ஏறுமா, மகாராஜா?"

ராஜா சிரித்தார், மந்திரி சிரித்தார், வழக்காடிகள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இருளாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் நின்றான். பிறகு சொன்னான்: "இந்த ஒரு வார்த்தையைக் கேக்கத்தான் மகாராஜா, நேத்து என் தம்பி வாசல்லே நின்னான்."

அதற்குப் பிறகு அந்தச் சபையிலே ஒருவரும் சிரிக்கவில்லை.

களஞ்சியக்காரனைப் பிடித்து இழுத்து வந்தார்கள். இரண்டு அடியிலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டான். வீரபாகு மூன்றாவது கூப்பாட்டை முழுங்கினதையும் கக்கினான். ராஜா சொன்னார்: "கட்டியக்காரனை வெளிவாசலில் நிறுத்துங்கள். சங்கிலியை மூன்றாவதாக எப்படிக் கூப்பிட்டானோ, அப்படியே இவனையும் மூன்று தடவை கூப்பிடுங்கள்."

வெயிலிலே போய் நின்றான் வீரபாகு. காதிலே கையை வைத்துக் கேட்டான், ஒன்றும் விழவில்லை. வாசல் வழியாக உள்ளே இருளாண்டி நிற்பது தெரிந்தது. "டேய் வாத்துக்காரா, கூப்பிட்டாங்களாடா?" என்றான். உள்ளே ஒரு தடவை கூப்பிட்டாகிவிட்டது. "தம்பி, கூப்பிட்டாங்களா தம்பி?" என்றான். இரண்டு தடவை ஆகிவிட்டது. "ஐயா, கூப்பிட்டுட்டாங்களாய்யா?" என்று அழுதான். இருளாண்டிக்கு மூன்றும் கேட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை.

அது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாவுக்கு என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? தலையை ஆட்டினவர் அவர்தான். ஆனால் ராஜாவை வாசலில் நிறுத்திப் பேர் சொல்லிக் கூப்பிட அந்த நாட்டிலே ஆள் இல்லை.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா. கேட்க நினைத்ததைக் கொடுக்க அவரால் முடியாது என்று இருளாண்டிக்குத் தெரியும். "வாசல்லே ஒரு ஆளை நிறுத்துங்க மகாராஜா. வழக்காடி இல்லாம வர்றவனுக்கு முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லணும்னு சொல்லட்டும். நாக்கு எழும்பாதவனுக்குப் பக்கத்திலே நிக்கட்டும்" என்றான். அப்படியே ஆகட்டும் என்றார் ராஜா. உப்புக்காரி ராக்குதான் அங்கே முதலில் நின்றாளாம். அவளுக்குப் பிறகு வேறு ஒருத்தி, அவளுக்குப் பிறகு இன்னொருத்தன் என்று இன்றைக்கும் யாராவது நிற்கிறார்களாம்.

தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லாத வழி ஆளைத் தின்னும் வழி. கதை அவ்வளவுதான், கண்ணை மூடுங்கள்.

கழுமேடு இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் போகிறார்கள், மாடு மேய்க்கிறவர்கள் போகிறார்கள். வாத்துக்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை.