புதிதாக உடைந்த கல்

"பற்றை எப்படிங்கம்மா அறுக்கறது?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

உமையாள் பலகையில் கற்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுல பற்று?"

"எல்லாத்துலயுந்தான். ஊரு, வேலை, சொந்தம், பெத்த மக. கண்ணை மூடினா முகம் முகமா வருதுங்க."

"யாரு முகம்?"

"யார் யாரோ."

அவருக்கு வயது அறுபத்தொன்று. அவளுக்கு நாற்பத்து மூன்று. பதினைந்து வருடம் ஒரு கல்லூரியில் கனிமங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இந்தப் பாறைக் கரட்டின் உச்சிக்கு வந்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. குடிசையில் சாமி படம் கிடையாது. சுவர் முழுக்கக் கற்கள்.

அவளிடம் ஞானம் இருப்பதாகக் கீழே ஊரில் சொன்னார்கள். அவள் அப்படிச் சொன்னதில்லை.

பொன்னுரங்கம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தண்ணீர் சுமந்தார். வாசல் பெருக்கினார். மில்லில் இருபத்தாறு வருடம் மேற்பார்வை பார்த்து ஓய்ந்தவன் என்று மட்டும் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

உமையாள் ஒரு பளபளப்பான துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"காக்காப்பொன்னுங்க. கரடெல்லாம் கெடக்குமே."

"நகத்தால பிரிங்க."

பிரித்தார். வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஒரு தகடு வந்தது. இன்னொன்று வந்தது. சத்தமே இல்லை.

"எவ்வளவு லேசா வருது!" என்றார்.

"தகட்டுக்குள்ள அணுவும் அணுவும் கெட்டியாப் பிடிச்சிருக்கு. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல பொட்டாசியம் அணு. அதோட பிடி தளர்ச்சி. அந்த எடத்துல பிரியும்."

பொன்னுரங்கம் தகட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"இதுதாங்கம்மா எனக்கு வேணும். நோகாம, சத்தமில்லாம, ஒவ்வொண்ணா உரிஞ்சு போயிரோணும். மனுசனும் இப்படித்தானுங்களே?"

"தெரியாது" என்றாள்.

அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அன்று முழுக்க அந்தத் துண்டை வைத்து உரித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை உமையாள் ஒரு சுத்தியலையும் முட்டை அளவு வெள்ளைக் கல் ஒன்றையும் வாசலில் வைத்தாள்.

"இது எப்படிப் பிரியுதுன்னு பாருங்க. ஒடைங்க."

பொன்னுரங்கம் கல்லைப் பார்த்தார். சுத்தியலை எடுக்கவில்லை.

"வேறே கல்லு இல்லீங்களா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க."

குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஓங்கி அடித்தார். கல் நாலு திசையிலும் சிதறியது. ஒரு வெள்ளைப் புகை எழுந்தது.

அந்தக் கணத்தில் அவர் கை தோள் துண்டுக்குப் போயிற்று. ஒரே இழுப்பு. துண்டு மூக்கையும் வாயையும் மூடிப் பின்மண்டையில் முடிச்சாக விழுந்தது. முகத்தைக் காற்றுக்கு எதிர்ப்புறம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடினார். புகை போகும் நேரத்தைக் கணக்காக அறிந்தவர் போலச் சற்றுப் பொறுத்துத்தான் திறந்தார்.

உமையாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மூக்கைக் கட்டினீங்க?"

"பழக்கமுங்க."

"என்ன பழக்கம்?"

பொன்னுரங்கம் சுத்தியலைச் சுவரோரம் சாத்தி வைத்தார்.

"மில்லுன்னீங்க. பஞ்சு மில்லுன்னு நெனச்சேன்."

"நான் பஞ்சுன்னு சொல்லலீங்களே."

"இல்லேன்னும் சொல்லல."

பொன்னுரங்கம் துண்டை அவிழ்த்தார். அதை மடித்தார். மறுபடி மடித்தார்.

"வெள்ளைக்கல்லு மில்லுங்க. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மாவு அரைச்சு அனுப்பறது."

"அங்க வேலை செஞ்சவங்க இப்படிக் கட்டிக்கிட்டாங்களா?"

"எனக்குத் தனியாக் கண்ணாடி ரூமுங்க. வெளிய வரப்ப மட்டும் கட்டிக்குவேன்."

"நான் அவங்களக் கேட்டேன்."

கரட்டுக்குக் கீழே ஆடு கத்தியது. 

"கண்ணை மூடினா முகம் வருதுன்னீங்களே. பேரு தெரியாதா?"

"செங்கோடன்" என்றார் பொன்னுரங்கம். "அவன் தம்பி மாரப்பன். ராக்கியண்ணன். குப்பாயி, அவ மருமக சரசு. கொளந்தையன்..."

பதினொரு பெயர். எங்கும் தடுமாறவில்லை.

"எல்லாரும் நெஞ்சு அடைச்சுத்தாங்க போனாங்க. காசநோயின்னு ஊருல பேசிக்கிட்டாங்க. நாங்களும் அப்படியே வெச்சுக்கிட்டோம்."

உமையாள் சிதறிக் கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்தாள். உடைந்த பக்கம் வளைந்து, மேடும் பள்ளமுமாக இருந்தது.

"இதுல தகடு இல்ல. எந்தப் பக்கமும் பிடி தளர்ச்சி இல்ல. ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் நாலு ஆக்சிஜனைப் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு ஆக்சிஜனும் ரெண்டு சிலிக்கனுக்கு நடுவுல நிக்குது. உள்ள ஒரு கை கூடச் சும்மா இல்ல. அதனாலதான் ஆத்து மணலா லட்சம் வருஷம் கெடந்தாலும் அது பாட்டுக்குக் கெடக்குது. பிள்ளைங்க அதுல வீடு கட்டி விளையாடுது."

"ஆமாங்க."

"இப்ப நீங்க அடிச்சீங்க. எங்க பிரிஞ்சுது?"

"கண்ட எடத்துலயும்."

"அடிச்ச எடத்துல பிடிச்சிருந்த கையெல்லாம் அறுந்து போச்சு. அறுந்த கை சும்மா தொங்காது ஐயா. எது கிட்ட வருதோ அதைப் பிடிக்கும். தண்ணி வந்தாத் தண்ணியப் பிடிச்சு அடங்கும். தண்ணி இல்லாம, அரைச்ச சூட்டோட, ஒருத்தன் நெஞ்சுக்குள்ள போச்சுன்னா அங்க இருக்கறதைப் பிடிக்கும்."

பொன்னுரங்கம் காலடியில் படிந்திருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார்.

"பழைய தூசியும் கொல்லும். புதுசா ஒடைஞ்ச தூசி சீக்கிரமாக் கொல்லும்."

"தண்ணி இருந்துச்சுங்க" என்றார். "அரவை வாய்க்கு மேல வரிசையாக் குழாய். அதிகாரிங்க வர்ற அன்னிக்குத் தொறந்து விடுவோம். அவங்க ஜீப்பு திரும்பினதும் மூடிருவோம். ஈர மாவு சல்லடையில அப்பிக்கும். வேலை ஓடாது."

"மூடறது யாரு?"

"நானுங்க. அந்தத் திருகு என் ரூமுக்குள்ளதான் இருக்குது."

அவர் தலை குனிந்து அழுதார். வயதானவர்கள் அழும்போது வரும் அந்தக் கரகரப்பான சத்தம். உமையாள் அவரைத் தேற்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குப் பரிகாரம் சொல்லுங்கம்மா. காசிக்குப் போகட்டுங்களா? இந்தக் கரட்டுலயே சாப்பாடு தண்ணி இல்லாம உக்காந்து உசிர விட்டுரட்டுங்களா? அந்தப் பதினோரு பேருக்கும் திதி குடுக்கட்டுங்களா?"

"இன்னிக்கு என்ன கெழம?"

"வியாழனுங்க."

"இன்னிக்கு மில் ஓடுதா?"

"ஓடுதுங்க. வேறே ஆளு பாக்கறான்."

"எத்தனை பேரு வேலை செய்யறாங்க?"

"இருபத்திரெண்டு."

"குழாய்?"

"மூடித்தானுங்க இருக்கும்."

"அப்ப இவ்வளவு நேரமும் செத்தவங்களப் பத்தியா ஐயா பேசிக்கிட்டிருந்தோம்?" என்றாள் உமையாள்.

பொன்னுரங்கம் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"மொதலாளி பையனுக்குத்தாங்கம்மா எம் மகளக் கட்டிக் குடுத்திருக்கேன். கோகிலவாணி. ரெண்டு பேரப்பசங்க இருக்கறாங்க. நான் வாயத் தொறந்தா அவ வாழ்க்கை என்னாகும்?"

உமையாள் குடிசைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அது திறக்கவில்லை.

உச்சிப்பொழுதில் பொன்னுரங்கம் கரட்டைவிட்டு இறங்கினார்.

நேராகக் கலெக்டர் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். எந்தக் குழாய், எந்தத் திருகு, எத்தனை மணிக்கு மூடுவது, யார் சொல்லி மூடினோம் என்று எல்லாவற்றையும் எழுதினார். மூடியது நான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரிகள் வந்தார்கள். அரவைக் கொட்டகைக்குள் தூசியில் எதிரில் நிற்கும் ஆள் தெரியவில்லை. அன்று மாலையே மில்லுக்கு முத்திரை வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கோகிலவாணி வந்தாள். வீட்டுக்குள் ஏறவில்லை. தெருவில் நின்றபடி, "எனக்கு அப்பன் செத்துட்டான்" என்றாள். அவர் "வாணி" என்று கூப்பிடுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

மறுநாள் வேலையிழந்தவர்கள் வந்தார்கள். ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்தாள். "இருவத்தாறு வருசம் வாய மூடிக்கிட்டிருந்தே. இப்ப வந்து எங்க சோத்தையும் பறிச்சுட்டயே. அப்பச் சொல்லியிருந்தா எம் புருசனாவது இருந்திருப்பான்."

அவர் கையைத் தட்டிவிடவில்லை. சட்டை கிழிந்தது.

இருபத்திரண்டு பேரையும் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்ததில் ஒன்பது பேருக்கு நுரையீரல் தழும்பேறிப் போயிருந்தது. அதில் மூன்று பேருக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நாச்சிமுத்து, பெரியதம்பி, சின்னாக் கவுண்டர்.

நாலு மாதம் போயிற்று.

ஒரு காலையில் பொன்னுரங்கம் மறுபடி கரட்டில் ஏறினார். பாதியில் மூன்று முறை உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

உமையாள் கல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்க வந்தீங்க?"

"ஒண்ணும் கேக்க வரலீங்க. சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தேன். இனி என்னால இங்க வர முடியாதுங்க."

"ஏன்?"

"பாத்துக்க ஆளில்லீங்க. ஆஸ்பத்திரில கைவிட்ட மூணு பேரும் பெரியதம்பி வீட்டுக் கொட்டாயிலதான் இருந்தாங்க. படுத்தா மூச்சு நின்னுரும். ராவும் பகலும் உக்காந்தேதான் இருக்கோணும். சுவத்துல சாஞ்சு சாஞ்சு முதுகெல்லாம் புண்ணாயிருச்சு. அதனால முதுகோட முதுகு வெச்சு உக்காந்துக்குவாங்க. ஒருத்தன் சாஞ்சா மத்தவங்க தாங்கிக்குவாங்க."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லலீங்க. அவங்களா அப்படி உக்காந்துக்கிட்டாங்க."

உமையாளின் கை நின்றது.

"போன வாரம் நாச்சிமுத்து போயிட்டான். உக்காந்த வாக்குலயே போயிட்டான், மத்த ரெண்டு பேருக்கும் தெரியல. அவனத் தூக்கினதும் ரெண்டு பேரும் சரிஞ்சு விழுந்துட்டாங்க. ரெண்டு பேரா நிக்க மாட்டேங்குதுங்க."

"அப்புறம்?"

"அந்த எடத்துல நான் உக்காந்துட்டேன்."

"விட்டாங்களா?"

"சின்னாக் கவுண்டர் ஒண்ணும் பேசல. பெரியதம்பி என் மூஞ்சில துப்பினான். துப்பறதுக்கும் மூச்சு வேணுமுங்களே. பாதி எம் மேல விழுந்துச்சு, பாதி அவன் நெஞ்சு மேலயே விழுந்துச்சு. ரெண்டையும் தொடச்சு விட்டேன்."

"ம்."

"கொஞ்ச நேரம் நேரா உக்காந்து பாத்தான். முடியல. அப்புறம் சாஞ்சுக்கிட்டான். அவன் நெஞ்சு இழுக்கறது எம் முதுகுல தெரியுதுங்கம்மா. ஒவ்வொரு இழுப்பும்."

அவர் வெயிலைப் பார்த்தார்.

"இப்ப அந்த எடத்துல யாரு?"

"பெரியதம்பி பொண்டாட்டி. அவளும் மில்லுல வேலை செஞ்சவதான், படத்துல தழும்பு இருக்குதுங்க. ரொம்ப நேரம் தாங்க மாட்டா. நான் போகோணும்."

"நீங்க எப்பத் தூங்கறீங்க?"

"தூங்கினா நானும் சரிஞ்சிருவேனுங்களே."

கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி இறங்கத் தொடங்கினார்.

பின்னால் பலகை நகரும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

உமையாள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். பலகை மேல் பாதிக் கற்கள் பிரித்தபடியும் பாதி குவியலாகவும் கிடந்தன.

"அம்மா?"

"எனக்கு வழி தெரியாது" என்றாள். "நீங்க முன்னால நடங்க."