நாற்பது பேருக்குப் பேரில்லாத வகுப்பு

கொன்றைக்கோட்டையை ஆண்ட வீரமல்லு ராஜாவுக்குக் குதிரை என்றால் உயிர். படித்தவர் என்றால் அதைவிடப் பெரிய மயக்கம். இந்த இரண்டாவது பலவீனத்தைத் தெரிந்துகொண்டுதான் அகோர பண்டிதர் அரண்மனைக்குள் நுழைந்தார். குதிரை சாத்திரத்தில் ஆயிரம் பாட்டு எழுதியவராம். அவர் குதிரை ஏறிப் பார்த்தவர் யாரும் இல்லை.

கடல் கடந்து வந்த புதுக் குதிரைகளைப் பழக்க நான்கு லாயங்களிலிருந்து பத்துப் பத்துப் பேராக நாற்பது வீரர்களைப் பொறுக்கி எடுத்தார் ராஜா. அவர்களுக்குப் பண்டிதர் பாடம் சொல்ல வேண்டும். "போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா" என்று சபை விகடகவி தீத்தாரப்பனை ராஜா அனுப்பினார். தீத்தாரப்பன் சபையில் இருப்பதே இந்த மாதிரி வேலைக்குத்தான். ராஜா சொல்லக் கூச்சப்படுவதை அவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான்.

முதல் நாள் காலை முழுக்கப் பண்டிதர் தம் பட்டங்களைச் சொன்னார். எந்த ஊரில் எந்தச் சால்வை, யார் போட்டது, கரை எத்தனை விரல் அகலம், ஒன்றையும் விடவில்லை. கொட்டாவி விட்டு விட்டுத் தீத்தாரப்பனுக்குத் தாடை வலித்தது. ஒரு வழியாக அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது முன் வரிசையில் நரைமீசைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, நான் தெற்கு லாயமுங்க. என் பேரு..."

பிரம்பு பலகையில் விழுந்தது. "உன் பேர் எனக்கு எதற்கு? முதல் வரிசை, இரண்டாவது ஆள். அவ்வளவுதான் நீ. கேட்டால் ஒழிய எவனும் வாய் திறக்கக் கூடாது."

நரைமீசை உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவன் வேறு லாயம் என்றால் அவன் யார் என்றுகூட யாருக்கும் தெரியாது; சொந்த லாயத்து ஆளுக்காகவும் பிரம்புக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவில்லை. சந்தையில் கட்டிப்போட்ட மாடுகூட ஒன்றையொன்று மோந்து பார்க்கும். இந்த நாற்பது பேருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

மூன்றாம் நாள்தான் கூத்து. சுவடியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு பண்டிதர் கேட்டார்: "மூன்றாம் வரிசை, கடைசி ஆள். குதிரைக்குச் சுழி எத்தனை?"

கடைசி ஆள் பேசவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். பண்டிதர் இன்னொரு முறை கேட்டார். அவர் புன்னகையோடு இன்னொரு முறை கும்பிட்டார். பண்டிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னையே கேலி செய்கிறாயா? நாளைக்கு உன் குதிரையைப் பிடுங்கி ஊரை விட்டே துரத்துகிறேன் பார்."

வகுப்பு கலைந்ததும் தீத்தாரப்பன் அந்த மனிதரிடம் போய் எதிரே நின்றான். "அண்ணே, உங்க பேரு என்ன?" இரண்டே நிமிடப் பேச்சு. விஷயம் முழுக்க விளங்கிவிட்டது. நேரே ராஜாவிடம் ஓடிச் சொன்னால் இந்த மனுஷன் தப்பித்துவிடுவார். ஆனால் பண்டிதரின் கொழுப்பு அப்படியே இருக்கும். மறுநாள் சபை கூடட்டும் என்று இருந்துவிட்டான்.

சபையில் பண்டிதர் பொரிந்து தள்ளினார். குருவை அவமதித்தவன், திமிர் பிடித்தவன், லாயத்தை விட்டே நீக்க வேண்டும். கடைசி ஆள் ஒரு தூண் ஓரமாக நின்றார். இருபது வருஷம் குதிரையைத் தவிர வேறு பிழைப்பு அறியாதவர். பண்டிதர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசியதால் என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரியவில்லை. ராஜா ஓலையில் முத்திரை வைக்கக் கையை நீட்டினார்.

"மகாராஜா, ஒரு நிமிஷம்" என்றான் தீத்தாரப்பன். "பண்டிதரே, இவர் பேர் என்ன?"

"ஓய், பாடம் சொல்கிறவனுக்குப் பாடம் தெரிந்தால் போதும். பேரும் ஊரும் கல்யாணத் தரகனுக்குத்தான் வேண்டும்."

"ரொம்ப சரி. அப்படியே அந்தப் பாடத்தையும் கேட்டுவிடலாமே. முந்தாநாள் வகுப்பில் பாடினீர்களே, உங்கள் நூலின் முதல் பகுதி, அதை ராஜா இன்னும் கேட்கவில்லை."

பாடச் சொன்னால் பண்டிதர் விடுவாரா? தொண்டையைச் செருமிக்கொண்டு ராகம் போட்டுப் பாடிப் பொருளும் சொன்னார்.

"புதுக் குதிரையிடம் போகிறவன் முதலில் அதன் முகத்துக்கு எதிரே நிற்க வேண்டும். கையை நீட்டி மோந்து பார்க்க விட வேண்டும். தன் குரலைப் பழக்க வேண்டும். அதன் பேரைக் கேட்டு, பேர் சொல்லி அழைக்க வேண்டும். கண் தெரியுமா, காது கேட்குமா, எதற்கு மிரளும் என்று விசாரிக்காமல் கடிவாளத்தைத் தொடுகிறவன் அடி முட்டாள்."

"அற்புதம்" என்றார் ராஜா.

தீத்தாரப்பன் தூணருகே போய்க் கடைசி ஆளின் முகத்துக்கு எதிரே நின்றான். வாயை நன்றாகத் திறந்து நிதானமாகக் கேட்டான். "அண்ணே, நீங்க யாருன்னு ராஜாவுக்குச் சொல்லுங்க."

"முத்திருளனுங்க. வடக்கு லாயம். ரெண்டு காதும் கேக்காதுங்க. காவல்மேட்டுச் சண்டையில பக்கத்துல பீரங்கி வெடிச்சுப் போச்சு. வாயைப் பாத்தா பேச்சு புரிஞ்சுக்குவேன். பண்டிதர் ஐயா ஏட்டாலயே மூஞ்சிய மறைச்சுக்கிறாரு. எல்லாரும் என்னைப் பாத்தா, ஏதோ கேக்கறாருன்னு எழுந்து கும்பிடுவேனுங்க."

காவல்மேட்டுச் சண்டை ராஜாவைக் காப்பாற்றிய சண்டை. அவர் முகம் தொங்கிப் போயிற்று. அவருக்கும் இந்தப் பெயர் இத்தனை நாள் தெரியாது. ஓலையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "முத்திருளன் முன் வரிசையில் உட்காரட்டும். பண்டிதரே, நாளை மறுபடி முதல் நாள். நாற்பது பேரும் யார் யார் என்று கேட்டுக்கொண்டு, நீர் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பிறகு பாடத்தைத் தொடங்கும்."

பண்டிதருக்கு அப்போதும் திமிர் அடங்கவில்லை. "மகாராஜா, என் நூலில் குதிரைக்குத்தான் அந்த விதி. மனிதர்களிடம் பேர் கேட்டு நிற்க என் சாத்திரத்தில் இடமில்லை."

"அதற்கென்ன, சுலபமாகத் தீர்த்துவிடலாம்" என்று தீத்தாரப்பன் ராஜா பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "மகாராஜா, இந்த நாற்பது பேரும் இன்று முதல் குதிரைகள் என்று ஓர் ஆணை போட்டுவிடுங்கள். பண்டிதர் அப்போதாவது மரியாதையாகப் பேர் கேட்பார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து காதில் மாட்டிக்கொண்டது.