இஞ்ஞாசி தைத்த உறை

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். தூத்துக்குடியில் இருந்த இந்தக் குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. பெயர் ஜெர்த்ரூத். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, மாடியறை ஒன்றில் உட்கார்ந்து கத்திகளுக்குத் தோலுறை தைத்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த ஒன்றில் மட்டும் அசல் குருதான்.

சிஷ்யர் லெயோன் அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். கப்பல் கப்பலாக ஏறிப் பாதி உலகத்துக்குச் சோறு பொங்கிப் போட்ட சமையல்காரர். "குருவே" என்று அவர்தான் முதலில் கூப்பிட்டார், கிண்டலாகத்தான். கிண்டல் எந்த நாளில் உதிர்ந்து போனது என்று அவருக்கே தெரியாது.

லெயோனுக்கு ஸ்பெயின் கத்தி என்றால் பித்து. கப்பல் வலென்சியாவில் நின்றால் கூட இருப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். இவர் கத்திக்கடைக்கு ஓடுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கிடக்கும் மடக்குக்கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கச் சொல்வார். விரியும்போது கடகடவென்று பல் மாட்டிப் பல் விடும் சத்தம் ஒன்று வரும். அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்பார். கடைக்காரர் இவருக்கு நாற்காலி போடப் பழகிவிட்டார்.

வாங்கியதை வாங்கியபடி வைத்திருக்கவும் மாட்டார், கை சும்மா இராது. கைப்பிடியைக் கழற்றிப் போட்டு வேறு மரம் பூட்டுவார். கத்தியின் முதுகில் அரத்தால் ராவிப் பூங்கொடி போடுவார். கடை உறையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே தைப்பார். ஓய்வு பெற்று வந்தபின் அந்தத் தையலைத்தான் ஜெர்த்ரூத்திடம் முறையாகக் கற்றார். கற்று, அவரிடம் வந்துபோன எல்லாரையும்விட நேராகத் தைத்தார். நூல் பிடித்தாற்போல என்பார்களே, அப்படி.

ஜெர்த்ரூத்தின் மாடியறையில் ஒரு விதி உண்டு. வீட்டில் கத்தி வெறுங்கத்தியாகத்தான் தூங்க வேண்டும். வெளியே கிளம்பும்போதுதான் உறை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இந்த ஊர் உப்புக்காற்றும் சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். புதிதாகக் கத்தி சேர்க்க வருகிற ஆட்களுக்கு இந்த விதியை விளக்கமாக எடுத்துச் சொல்கிற பொறுப்பை லெயோன் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கொட்டாவி விடுகிற அளவுக்குச் சொல்வார்.

அந்த லெயோன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, துண்டில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. புதுசா ஏதும் வந்திருக்கா?"

"பழசு, குருவே."

துண்டைப் பிரித்தார். தோலுறை ஒன்று, அதற்குள் மடங்காத ஸ்பெயின் கத்தி ஒன்று. கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. உறையின் பக்கவாட்டில் தோலை ஊடுருவிக்கொண்டு துரு செம்பழுப்பாகக் கசிந்திருந்தது.

ஜெர்த்ரூத் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"எம்புட்டு நாளா உள்ள கெடக்கு?"

"அவ போனதுல இருந்து."

அவ என்றால் இஞ்ஞாசி. லெயோனின் மனைவி. இறந்து நான்கு வருடம் ஆகிறது.

"மத்தவங்களுக்கெல்லாம் விதி சொல்வீயளே அண்ணாச்சி."

லெயோன் தலை குனிந்துகொண்டார். பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் அவளுக்கு இந்தக் கத்தியால்தான் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி தின்றவள் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். துணி எடுத்துக் கத்தியைத் துடைக்க வேண்டுமென்றால் கையை உருவ வேண்டும். உருவ மனசு வரவில்லை. சாறு வழிய வழிய ஒற்றைக் கையாலேயே உறைக்குள் செருகினார். அந்த வாரமே அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்கவே தோன்றவில்லை. அவள் கை பட்ட கடைசி நாள் அதற்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பைத்தியக்காரத்தனம்தான். தெரிந்தேதான் செய்தார்.

"இந்த உறை?"

"அவ தச்சது."

ஜெர்த்ரூத் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளையின் பழைய கைப்பையை வெட்டிச் செய்திருந்தது. மீன்வலை நூல். தையல் கிழக்கே போய் மேற்கே திரும்பி நடுவில் வழி கேட்டது போல இருந்தது.

"தையலை அறுத்தாத்தான் கத்தி வரும்."

"தெரியும்."

"அறுக்காம விட்டா துரு தோலையும் அரிச்சிரும். ரெண்டும் போவும்."

"அதுவும் தெரியும். அதான் வந்தேன்." லெயோன் உறையை அவர் பக்கம் நகர்த்தினார். "எதக் காப்பாத்தணும், குருவே? கத்தியையா, உறையையா? நீங்க எதச் சொன்னாலும் கேக்கேன்."

ஜெர்த்ரூத் ஒரு துண்டுத் தோலை வெட்டி எடுத்து லெயோனின் முன்னால் போட்டார்.

"இதே மாதிரி ஒண்ணு தச்சுக் கொண்டாங்க. அப்புறம் அறுக்கலாம்."

லெயோனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இது என்ன பெரிய வேலை? அவருக்கா உறை தைக்கத் தெரியாது?

அடுத்த ஞாயிறு கொண்டுவந்தார். அளவு அச்சு அசல். தோலும் அதே நிறத்துக்கு வந்திருந்தது. தையல் மட்டும் ரயில் தண்டவாளம்.

ஜெர்த்ரூத் ஒரு பார்வை பார்த்தார்.

"இது உங்க உறை அண்ணாச்சி."

லெயோன் திரும்பிப் போனார். இந்த முறை வேண்டுமென்றே கோணலாகத் தைத்தார். ஊசியை ஓர் இடத்தில் உயர்த்தினார், ஓர் இடத்தில் தாழ்த்தினார். முடித்துப் பார்த்தபோது அவருக்கே திருப்தியாக இல்லை. இருந்தாலும் கொண்டுவந்தார்.

ஜெர்த்ரூத் சிரித்துவிட்டார்.

"குடிக்காதவன் குடிச்ச மாதிரி நடிக்கான்."

"பின்ன எப்படித்தான் செய்யணுங்கீய?"

"அவுகளுக்குக் கோணலாத் தைக்கணும்னு ஆசையா அண்ணாச்சி? நேராத்தான தைக்கப் பாத்திருப்பாவ."

அது லெயோனுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் ஊசியை எடுக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார். சன்னல் ஓரம் உட்கார்ந்து இஞ்ஞாசியின் தையலை ஒன்றொன்றாகப் படிக்க ஆரம்பித்தார்.

யாரும் உறையின் வாயில்தான் தொடங்குவார்கள். அவள் முனையில் தொடங்கியிருந்தாள். தெரியாமல் செய்தது. முனைப்பக்கம் தையல் பொடிப்பொடியாக இருந்தது. பயந்து பயந்து குத்தியிருக்கிறாள். கொஞ்சம் மேலே வந்ததும் தைரியம் வந்திருக்கிறது, தையல் நீண்டிருந்தது. கைப்பையின் மடிப்பு வருகிற இடத்தில் தோல் இரட்டிப்புக் கனம். அங்கே ஒரே ஓட்டையில் இரண்டு முறை நூல் போயிருந்தது. நூல் விலகின இடத்தில் உற்றுப் பார்த்தார். தோலுக்குள் ஏதோ மினுங்கியது. உடைந்த ஊசிமுனை.

லெயோன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த உறை கைக்கு வந்த அந்த விடுப்பின்போது அவள் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டதற்கு மீன் முள் குத்திவிட்டது என்றாள். சீலா மீன் அறுக்கத் தெரியாதவளா நீ என்று அவர் கேலி செய்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். உறையை ஒளித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், கள்ளி.

பிறகு மீண்டும் குனிந்தார். வாய்ப்பக்கம் வரவரத் தையல் எட்டி எட்டி விழுந்திருந்தது. அவசரம். கடைசியில் கறுப்பு நூல் தீர்ந்து வெள்ளை நூல். கப்பலுக்குப் புறப்பட்ட அந்தக் காலை அவருக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. வாசலில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கிறான். இவர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு "இஞ்ஞாசி, இஞ்ஞாசி" என்று கத்துகிறார். அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரமாட்டேன் என்கிறாள். புறப்படும்போதெல்லாம் அவள் இப்படித்தான், மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள் என்று நினைத்து எரிச்சலோடு டாக்ஸியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் ஓடி வந்து சன்னல் வழியாக இதை மடியில் போட்டாள். "உங்க ஸ்பெயின்காரிக்குச் சட்டை" என்றாள். அவர் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று டாக்ஸிக்காரனை விரட்டினார். பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் அவள் முகத்தை மறுபடி பார்த்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் கோபித்துக்கொண்டிருக்கவில்லை, தைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கழித்து அது தெரிந்தபோது லெயோன் வாய்விட்டு அழுதார். அறையில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. கப்பல்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது.

அடுத்த ஞாயிறு அவர் வெறுங்கையோடு வந்தார். வெறுங்கை என்றால் இஞ்ஞாசியின் உறை மட்டும் கையில்.

"எங்க நம்ம உறை?" என்று கேட்டார் ஜெர்த்ரூத்.

"தைக்க முடியல, குருவே."

"ஏன்?"

"இதத் தைக்கணும்னா நான் டாக்ஸி வந்து நிக்கையில தைக்கணும். வெரல்ல குத்திக்கிடணும். ஒருத்தன் வெளிய நின்னு என் பேரச் சொல்லிக் கத்தணும்."

ஜெர்த்ரூத் அவரை உட்காரச் சொன்னார். லெயோன் உட்கார்ந்தார். உறையைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். இங்கே தொடங்கினாள். இங்கே பயந்தாள். இங்கே ஊசி உடைந்தது. இங்கே நூல் மாறியது. இது டாக்ஸி வந்தபின் போட்ட தையல். முனையிலிருந்து வாய்வரை ஒன்று விடாமல் சொன்னார். ஜெர்த்ரூத் விரலைத் தையல்மேல் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கும் தப்பவில்லை.

முடிந்ததும் மேசையிலிருந்து சின்னப் பிளேடை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அறுங்க."

"நீங்க அறுங்க குருவே. என்னால ஏலாது."

"என் கைக்கு அவுகளத் தெரியாது அண்ணாச்சி."

லெயோன் வாங்கினார். வெள்ளை நூலில் தொடங்கினார். அவள் வந்த வழியே திரும்பிப் போவது போல மெல்ல மெல்ல முனைவரை வந்தார். மடிப்பு வந்த இடத்தில் ஊசிமுனையைக் கிள்ளி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ஜெர்த்ரூத் அதைக் கவனிக்காதது போல இருந்தார்.

உறை இரண்டாக விரிந்தது.

கத்தியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அலகில் பாதி துரு ஏறிக் குழிகுழியாகப் போயிருந்தது. முதுகை ஒட்டி ஓர் அங்குலம் மட்டும் தப்பித்து, பழச்சாறு படிந்து படிந்து இரும்பில் ஏறும் நீலம் மங்கலாகத் தெரிந்தது. ஜெர்த்ரூத் எண்ணெய்த் துணியால் அதை மெல்லத் துடைத்தார். துரு கொஞ்சம் வந்தது, கொஞ்சம் வரவில்லை. வராததை அவர் சுரண்டவில்லை. கத்தியை வெறுமனே தட்டில் வைத்தார்.

லெயோன் கத்தியைப் பார்க்கவே இல்லை. அவர் கண் மேசையில் கிடந்த அறுந்த நூல்துண்டுகள்மேல் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பிடிகூட இராது.

"போச்சு" என்றார்.

ஜெர்த்ரூத் தோலை ஈரத்துணியால் ஒற்றித் துருக்கறையை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியில் புது நூலைக் கோத்து லெயோனின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

லெயோன் ஊசியைத் தொடவில்லை.

"எதுக்கு? இனி இதத் தைக்கது நான். என் கை நேராத்தான போவும். கோணலாப் போட்டா அது நடிப்புன்னு நீங்களே சொல்லிட்டிய. எப்படித் தச்சாலும் இது எப்படி அவ உறையா ஆவும்?"

ஜெர்த்ரூத் தோலை இரண்டு கையாலும் விரித்துச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஓரம் முழுக்க வெளிச்சம் புள்ளிபுள்ளியாக வந்தது. முனையில் பொடிப்பொடியாக, மேலே எட்டி எட்டி, கிழக்கும் மேற்குமாக.

"நூலத்தான அறுத்தீய அண்ணாச்சி. ஓட்டை எல்லாம் அவுக போட்டதுல்லா. உங்க ஊசி வேற எங்க போவும்?"